அமைதியான ஆண்டுகளின் காவல்

இந்தோனேசியாவில் உயிர்ப்புள்ள எரிமலைகள் 127. அவற்றில் சுமார் 70 மலைகளின் அடிவாரத்திலும் சரிவிலும் அரசு கண்காணிப்பு நிலையங்களை வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலைமையிடம் பாண்டுங் நகரில் உள்ள எரிமலையியல் மையம். ஜாவாவின் நடுவிலுள்ள மெராபிக்கு மட்டும் காலியுராங், பாபாடான், ஜ்ராக்கா, செலோ, ஙெபோஸ் என ஐந்து நிலையங்கள் உண்டு. அவற்றுக்கு யோக்யகர்த்தாவில் தனி அலுவலகம் இருக்கிறது. இந்த நிலையங்கள் பெரிய ஆய்வுக்கூடங்கள் அல்ல. சிகரத்தை நோக்கிய ஒரு சிறு கட்டடம், சில கருவிகள், ஒரு வானொலி, முறைவைத்து இரவும் பகலும் விழித்திருக்கும் இரண்டு மூன்று பேர், அவ்வளவே. அவர்களுடைய வேலையைப் பார்த்தபின் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. எரிமலையிடமிருந்து உயிர்களைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி, மலை சும்மா இருக்கும் ஆண்டுகளிலேயே நடந்து முடிகிறது. அந்த ஆண்டுகளில் செலவையும் ஆட்களையும் குறைக்கும் நாடு, மலை எழும் நாளில் எத்தனை கருவி வாங்கினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

வேலை எளிமையாகத் தோன்றும், ஆனால் கண்டிப்பானது. ஒரு நாளை ஆறு ஆறு மணி நேரமாக நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அறிக்கை எழுதுகிறார்கள். புகையின் நிறம், அது எழும் உயரம், அழுத்தம், வானிலை, காற்றின் திசை எல்லாம் கண்ணால் பார்த்துக் குறிக்கப்படும். நில அதிர்வுமானி வரைந்த கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, வீச்சையும் நீடிப்பையும் அளந்து, எந்த வகை அதிர்வு என்று பிரிப்பார்கள். ஆழத்தில் பாறை உடையும் அதிர்வு ஒரு வடிவம். மேற்பரப்புக்கு அருகே உடைவது இன்னொன்று. பாறைக்குழம்பும் வாயுவும் வழியில் நகரும்போது எழும் தொடர் நடுக்கம் வேறு. உச்சியிலிருந்து கல் சரிவது வேறு. இதோடு சரிவின் சாய்வைச் சாய்வுமானியும், உச்சியில் பதித்த பிரதிபலிப்பான்கள் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பதைத் தொலைவு அளக்கும் கருவியும், கந்தக டை ஆக்சைடு எவ்வளவு வெளியேறுகிறது என்பதை வாயுக் கருவியும் சொல்கின்றன. இவற்றை ஒன்றாக வைத்துத்தான் நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ் என்ற நான்கு நிலைகளில் ஒன்றை பாண்டுங் மையம் அறிவிக்கிறது.

இந்த எண்களுக்குத் தனித்துப் பொருள் கிடையாது என்பதுதான் முக்கியம். ஒரு நாளில் 20 அதிர்வுகள் என்பது ஒரு மலைக்கு அன்றாடம். இன்னொரு மலைக்கு ஆபத்தின் தொடக்கம். கோடையிலும் மழையிலும் பல ஆண்டு பார்த்தவருக்குத்தான் கிணற்றின் இந்த ஆண்டு வற்றல் வழக்கமானதா என்று தெரியும். மலைக்கும் அதே கதைதான். வடக்கு சுமத்ராவின் சினாபுங் இதற்குக் கசப்பான சான்று. பல நூற்றாண்டுகளாகத் தூங்கிய மலை என்பதால் அதற்குத் தொடர்ந்த கண்காணிப்பு இல்லை. 2010 ஆகஸ்டில் அது வெடித்த பிறகே கருவிகளை அவசரமாகக் கொண்டுபோய் நட்டார்கள். மலையின் வழக்கமான நடத்தை எது என்ற பதிவே கையில் இல்லாமல், அதன் அசாதாரண நடத்தையைப் படிக்க வேண்டியிருந்தது. 2013-இல் மீண்டும் எழுந்த சினாபுங் ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. 2014 பிப்ரவரி முதல் நாள் சரிவில் பாய்ந்த சுடுமேகம், தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தவர்களைக் கொன்றது.

இதற்கு எதிர்ச் சான்று கிழக்கு ஜாவாவின் கெலுட். 1919-இல் அதன் உச்சி ஏரியில் சுமார் 4 கோடி கன மீட்டர் தண்ணீர் இருந்தது. வெடிப்பு அதை வெளியே தள்ளியபோது லஹார் எனும் சூடான சேற்று வெள்ளம் இறங்கி, 5,000-க்கும் மேற்பட்டோரை அடித்துச் சென்றது. அந்தப் பேரழிவுதான் அன்றைய டச்சு அரசை எரிமலைக் கண்காணிப்புக்கென்று தனித் துறையை உருவாக்க வைத்தது. ஏரியை வடிக்கச் சுரங்க வாய்க்கால்களும் வெட்டப்பட்டன. அதே கெலுட் 2014 பிப்ரவரி 13 இரவு அதைவிடக் குறைவில்லாத ஆற்றலோடு வெடித்தது. இடையில் பல பத்தாண்டு பதிவுகள் சேர்ந்திருந்தன. பிப்ரவரி 2-இல் இரண்டாம் நிலை, 10-இல் மூன்றாம் நிலை, 13 இரவு 9.15-க்கு உச்ச நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மலை வெடித்தது. அதற்குள் மக்கள் அடிவாரத்தை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். உயிரிழப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் நின்றது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தந்தது தொண்ணூற்றைந்து ஆண்டு உழைப்பு.

மெராபியின் 2010 வெடிப்பில் இன்னும் சிக்கலான பாடம் இருக்கிறது. அக்டோபர் 25-இல் உச்ச நிலை அறிவிக்கப்பட்டு, சிகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். அதற்கு முன் உச்சியின் தெற்கு முகம் நாளுக்கு அரை மீட்டர் வரை வெளித்தள்ளியிருந்தது. 26-ஆம் தேதி மாலை வெடிப்பு தொடங்கியது. பிறகு அது வளர்ந்துகொண்டே போக, எல்லை 15 கிலோமீட்டராகவும் நவம்பர் 5 நள்ளிரவு 20 கிலோமீட்டராகவும் விரிக்கப்பட்டது. அந்த நள்ளிரவில் இறங்கிய சுடுமேகம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தின் வழியே சுமார் 15 கிலோமீட்டர் ஓடியது. 350-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்னறிவிப்பு இல்லாவிட்டால் இன்னும் 10,000 முதல் 20,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று எரிமலையியலாளர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் முதல் நாளிலேயே மாண்டவர்களில் ம்பா மரிஜானும் ஒருவர். யோக்யகர்த்தா சுல்தானால் மெராபியின் காவலராக நியமிக்கப்பட்டு, கிராமத்தாரால் மதிக்கப்பட்டவர் அவர். கினாரெஜோ கிராமத்தை விட்டு அவர் நகரவில்லை. அவருடன் அங்கே இருந்தவர்களும் பிழைக்கவில்லை. அவருக்குத் தன் கடமைமேல் இருந்த பற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். கருவி சொல்வதை ஊர் கேட்பதற்கு, கருவிக்கும் ஊருக்கும் நடுவே ஊர் நம்பும் ஒரு மனிதர் வேண்டும் என்பதையே அந்த மரணம் காட்டுகிறது. கையடக்க வானொலியில் ஊர்த் தலைவர்களோடு அன்றாடம் பேசும் கண்காணிப்பாளர் அப்படி ஒருவராக வளர முடியும். அவசர நாளில் புதிதாக வந்து நிற்கும் நிபுணரால் அது முடியாது.

செயற்கைக்கோள்களும் தானியங்கிக் கருவிகளும் வந்துவிட்ட பிறகு மலையடியில் ஆட்கள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2010-இல் மேகத்தையும் சாம்பலையும் ஊடுருவி மெராபியின் உச்சியைக் காட்டியவை ரேடார் செயற்கைக்கோள்கள்தாம். எல்லையை விரிக்கும் முடிவுக்கு அந்தப் படங்கள் பெரிதும் உதவின. ஆனால் செயற்கைக்கோள் தன் சுற்றில் மறுபடி வரும்வரை மலை காத்திருப்பதில்லை. உச்சியில் நட்ட தானியங்கிக் கருவிகளோ வெடிப்பின் தொடக்கத்திலேயே எரிந்துபோகக்கூடியவை. 2010-இலும் அப்படித்தான் நடந்தது. மின்கலம் மாற்றவும், சாம்பல் மூடிய சூரியத் தகட்டைத் துடைக்கவும், மின்னலில் கருகிய கருவியை மாற்றவும் மலையேறுவது மனிதர்தாம். தொழில்நுட்பம் கூடக்கூட அவர்களுக்கு வேலை கூடுகிறது.

வீண் எச்சரிக்கை பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. பாலித் தீவின் அகுங் மலைக்கு 2017 செப்டம்பர் 22-இல் உச்ச நிலை அறிவிக்கப்பட்டது. நாளுக்கு ஆயிரம் அதிர்வுகள் வரை பதிவாகிக்கொண்டிருந்த நேரம் அது. 1,40,000 பேர் வரை வீட்டை விட்டு வந்து முகாம்களில் தங்கினார்கள். மாடுகளை வந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. மலை வெடித்தது நவம்பர் 21-இல்தான். இந்த இரண்டு மாதத் துன்பம் உண்மையானது. அதை ஏழை விவசாயிகளே சுமந்தார்கள். இருந்தாலும் 1963-இல் இதே மலை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றதை மறந்துவிட்டு அன்று முடிவெடுத்திருக்க முடியாது. அதிர்வு குறைந்தபோது அக்டோபர் 29-இல் நிலையைக் கீழே இறக்கியதும் அதே பதிவுகளை வைத்துத்தான். எச்சரிக்கையைக் குறைப்பது தீர்வாகாது. வெளியேறுவதன் வலியைக் குறைப்பதே தீர்வு. மெராபியின் மாகெலாங் பகுதியில் மேட்டு ஊர் ஒவ்வொன்றையும் பாதுகாப்பான ஒரு கீழூரோடு உடன்பிறப்பு ஊராக இணைத்திருக்கிறார்கள். வெளியேறுபவர்களுக்குப் போகுமிடம், தங்கும் வீடு, ஆவணங்கள் எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். இதுவும் அமைதிக் காலத்தில் செய்யும் வேலைதான்.

கண்காணித்தும் மக்கள் இறந்த சம்பவங்களைக் காட்டுவோருக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரகடோவாவின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து எழுப்பிய ஆழிப்பேரலை, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மலையைப் பார்க்கும் துறை ஒன்று, கடலலையை அறிவிக்கும் துறை வேறு. பின்னதன் ஏற்பாடோ நிலநடுக்கத்தால் எழும் அலைகளுக்கென்று அமைந்தது. 2023 டிசம்பர் 3-இல் மேற்கு சுமத்ராவின் மராபி வெடித்தபோது மலைமேல் 75 பேர் ஏறியிருந்தார்கள்; 24 பேர் இறந்தனர். அது 2011 முதலே இரண்டாம் நிலையில் இருந்த மலை. உச்சியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகவேண்டாம் என்ற பரிந்துரையும் இருந்தது. முன்னறிகுறி மிகக் குறைவாகத் தந்து வெடிக்கும் மலைகள் உண்டு என்பதை எந்தக் கண்காணிப்பாளரும் மறுக்கமாட்டார். அதனால்தான் அப்படிப்பட்ட மலைகளில் நிரந்தர எல்லை வகுக்கிறார்கள். அந்த எல்லையை மதிக்கும் பொறுப்பு, மலையேற அனுமதி தருபவர்களுக்கும் உண்டு. இந்த இரண்டு மரணக் கணக்குகளும் கண்காணிப்பு வீண் என்று காட்டவில்லை. அதன் சொல் போய்ச் சேராத இடங்களை அடையாளம் காட்டுகின்றன.

ஆகவே ஒரு நாட்டின் எரிமலைப் பாதுகாப்பை அளக்க நான் பார்க்க விரும்புவது வெடிப்பு நாளின் கருவிப் பட்டியல் அல்ல. தூங்கும் மலைக்கும் நிலையம் இருக்கிறதா, இரவு முறைக்கு ஆள் இருக்கிறார்களா, கருகிய கருவிக்கு மாற்றுக் கருவி கிடங்கில் இருக்கிறதா, ஓய்வுபெறும் கண்காணிப்பாளரின் அறிவு அடுத்தவர் கைக்கு வந்து சேர்கிறதா, அவர் பெயரைச் சொன்னால் கீழூரில் தெரிகிறதா என்பவையே என் கேள்விகள். வெடிப்பு இல்லாத ஆண்டில் இவற்றுக்கு ஆகும் பணம் வீண் செலவாகவே கணக்கில் தெரியும். கெலுட்டின் அடிவாரத்தில் 2014 பிப்ரவரி 14 காலை உயிரோடு விழித்தவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.