சிறப்பு ழகரம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினோம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் சிலம்போடும் கழியவில்லை, கம்பனோடும் கழியவில்லை. அவை கழிந்த விதத்தையே எழுதுகிறோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் என்பது லோதி காலனி அரசுக் குடியிருப்பில் அக்கம்பக்கமாக வாழும் நான்கு குடும்பங்கள். நால்வரும் மத்திய அரசு அலுவலக எழுத்தர்கள். பி.ஏ. பட்டமும் தேர்வாணையத்தின் கடிதமும் ஒரு தகரப் பெட்டியுமாகத் தில்லிக்கு வந்தவர்கள். இருபது ஆண்டுகளில் எங்கள் பொதுவாழ்வு என்பது பொங்கல் விழாவில் நாற்காலி போடுவதும், பட்டிமன்றத்தில் கைதட்டுவதும், சங்கத் தேர்தலில் வாக்களிப்பதும்தான். அதற்கு மேல் ஓர் அடி வைக்க நினைத்தால் 1964 ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கண் முன்னே வந்து நிற்கும். அரசியலில் கலக்காதே, ஆர்ப்பாட்டத்தில் நிற்காதே, அரசைக் குறை கூறாதே என்பவற்றை நாங்கள் ஆத்திசூடியைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தோம்.

அந்த அடியை எங்களை வைக்கச் செய்தவர், எங்கள் இரு வீடுகளில் பாத்திரம் துலக்கி வந்த ஓர் அம்மையார். விழுப்புரம் பக்கத்துக்காரர். 2024 செப்டம்பரில் ஒரு காலைப் பொழுது, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார்.

"சார், இதுல என்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் பாருங்க. ஊட்டு செவுத்துல ஒட்டிட்டுப் போயிட்டாங்க."

ஐந்தே நாளில் காலி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் வீடு ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையிலிருந்த மதராசி கேம்ப்பில். எங்கள் குடியிருப்பிலிருந்து முக்கால் மணி நேர நடை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஒரு நாளும் போனதில்லை. வடநாட்டில் தமிழர் நிலை பற்றி ஒருவர் சங்க மேடையில் அரை மணி நேரம் பேசிப் பொன்னாடையும் பெற்றிருக்கிறார். அவர் எங்களுள் ஒருவர்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் போனோம். சந்துகளில் தண்ணீர்க் குடங்கள், வாசலில் கோலம், ஒரு திண்ணையில் கேழ்வரகுக் கூழ். எங்களைக் கண்டதும் யாரோ அதிகாரிகள் என்று நினைத்துச் சிலர் எழுந்து நின்றார்கள். அதுவே முதல் வெட்கம். தமிழில் பேசியதும் ஒரு பாட்டி, "நம்மூரு ஆளுங்கதானா? இத்தினி வருசமா எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். உள்நோக்கம் எதுவுமின்றித்தான் கேட்டார். எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. உடனடி ஆபத்து தள்ளிப் போயிற்று. ஆனால் மாற்று வீடு யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. தில்லியின் 2015 ஆம் ஆண்டுக் குடிசை மறுவாழ்வுக் கொள்கையின்படி, 2015 ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு முக்கியச் சான்று வாக்காளர் பட்டியல். 2012 முதல் 2015 வரையுள்ள பட்டியல்களுள் ஒன்றிலேனும் பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். முப்பது ஆண்டு அங்கே வாழ்ந்து, இடையில் தாயின் சாவுக்கோ தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கோ ஊருக்குப் போய், கணக்கெடுக்க வந்த நாளில் இல்லாமற்போனவர் கதி என்ன? இப்படிப்பட்டவர்களும் சிலர் இருந்தனர்.

இங்கேதான் எங்கள் தொழில் பயன்பட்டது. கூட்டத்தில் முழங்க எங்களுக்குக் குரல் கிடையாது. ஆனால் கோப்புக் கட்டத் தெரியும். குடும்பத்துக்கு ஓர் உறை. அதன்மேல் வரிசை எண். உள்ளே ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிச் சான்று, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். பழைய பட்டியல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பெயர் தேடினோம். எங்கள் வீட்டுப் பெண்களே இந்த வேலையில் எங்களைவிட விரைவு. எந்தப் பெயர் எப்படித் திரிந்திருக்கும் என்பது காதால் கேட்டே அவர்களுக்குப் புரிந்துவிடும். அஞ்சலை என்ற பெயர் அஞ்சலி ஆகியிருக்கும். ஏழுமலையை எழுதிய விதத்தை வாசித்தால் திருப்பதிப் பெருமாளுக்கே அடையாளம் தெரியாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயராக்கி, ஒரே வீட்டில் அப்பன் ஒரு குடும்பம், மகன் வேறு குடும்பம் என்று பதிந்திருந்த பக்கங்களும் உண்டு.

மூன்றாம் வாரமே எங்களுக்குள் விவாதம் மூண்டது. குடியிருப்போர் பதாகை பிடித்து நிற்கப் போகிறார்கள், நாமும் நிற்பதா? ஆர்ப்பாட்டம் அனைத்தையுமே தடுத்த பீகார் அரசின் விதியொன்றை 1962 இலேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்ததை எங்களுள் ஒருவர் எடுத்துக்காட்டினார். "தீர்ப்பு உமக்குத் துணை வரும், பதவி உயர்வு வருமா?" என்றார் இன்னொருவர். கடைசியில் பதினைந்தாம் விதியில் அடைக்கலம் புகுந்தோம். சமூக, அறப்பணிகளை ஊதியமின்றிச் செய்ய முன் அனுமதி வேண்டியதில்லை என்று அது சொல்கிறது. ஆகவே நாங்கள் பந்தலுக்குப் பின்புறம் அமர்ந்து உறைகளுக்கு எண் போட்டோம். எங்களுள் ஒருவரின் கல்லூரி மகள் மட்டும் முன்வரிசையில் பதாகையோடு நின்றாள். செய்தி எப்படியோ அலுவலகம் எட்டி, மேலதிகாரி ஒருவர் தேநீர் வேளையில், "உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எங்கள் நண்பருக்கு அன்றிரவு உறக்கமில்லை. மகளோ மறு ஞாயிறும் நின்றாள்.

எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு ஒன்றிடம் ஒரு மாலை மட்டும் கூடத்தைத் தரும்படி கேட்டோம். இசை நிகழ்ச்சிக்கு ஒத்திகை இருப்பதாகச் சொன்னார்கள். ஒத்திகை இருந்ததும் உண்மையே.

இப்போது, எழுதத் தயங்கி இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்த செய்தியைச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் முதலில் தாளை நீட்டிய அந்த அம்மையாரின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. 2013 ஆம் ஆண்டுப் பட்டியலில் அது ஆங்கில 'எல்' ஆக இருந்தது. கணவர் பெயரும் பாதியாகச் சிதைந்திருந்தது. விண்ணப்பத்தை நிரப்பியவர்கள் நாங்கள். தமிழ் படித்த பெருமை எங்களுக்கு. தாய் வைத்த பெயரை எவனோ கெடுத்திருக்க, நாமும் கெடுப்பதா என்று 'எல்' இருந்த இடத்தில் 'இசட்' போட்டு 'எச்' சேர்த்தோம். கணவர் பெயரையும் முழுமையாக, அழகாக, எழுதினோம். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்குது சார்" என்றார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

பதிவேட்டோடு ஒவ்வாத தாள் தாளே அல்ல என்பது எழுத்தர்களான எங்களுக்குத் தெரியாதா? அலுவலகத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள். எத்தனை கோப்புகளை அப்படித் திருப்பியிருக்கிறோம், அவற்றின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்று அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. தகுதிப் பட்டியல் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. ஆவணங்களில் பெயர் வேறுபடுகிறது என்பதே காரணம்.

2025 மே 9 அன்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வடிகாலில் அடைப்பு, மழைக்காலத்தில் வெள்ளம் என்பவை ஆணைக்கான காரணங்கள். ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, இயந்திரங்கள் வந்தன. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு என்று அன்றைய செய்திகள் கூறின. பின்னர் இன்னும் சிலர் சேர்க்கப்பட்டனர். நரேலா, நகரின் வட கோடி. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளும், ஜங்புரா, நிஜாமுதீன் வீடுகளில் வேலை செய்த தாய்மார்களும் அங்கிருந்து எப்படி வந்து போவது? வீடு கிடைத்தவர்களுக்கே இந்தக் கேள்வி.

அன்று நாங்கள் போயிருந்தோம். செய்வதற்கு வேலை எதுவுமில்லை, சாமான் தூக்கினோம். அம்மையார் அம்மிக்கல்லை விட்டுவிட்டு வர மறுத்தார். எங்களுள் இருவர் அதைச் சாலைவரை சுமந்து வந்தோம். அப்போதுதான் பெயரெழுத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். அதற்கு முன் சொல்லத் துணிவில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரிஞ்சா செஞ்சீங்க? இந்தப் பக்கம் புடிங்க சார், நழுவுது" என்றார்.

இப்போது அவர் ஒற்றை அறையொன்றில் வாடகைக்கு இருக்கிறார். எங்கள் வீட்டுக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆயினும் பொங்கல் விழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். இம்முறை நாற்காலி போட்டதோடு நிற்காமல், கேம்ப்பிலிருந்து சிதறியவர்களின் முகவரிகளையும் வாசலிலேயே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டோம்.

மேல்முறையீடு செய்திருக்கிறோம். இரு எழுத்துக் கூட்டலும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதியாயிற்று. பட்டியலில் உள்ளதை உள்ளவாறே, 'எல்' என்றே, முதலில் எழுதினோம். கையெழுத்திடும்போது, "எந்தப் பேரு சார் போடணும்?" என்று கேட்டார். அவருக்குத் தமிழில் மட்டுமே கையெழுத்து வரும். "உங்கள் பேரைத்தான் அம்மா" என்றோம்.

விசாரணை வரும் புதன்கிழமை. இருவர் அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், சற்று யோசித்து, 'சொந்த வேலை' என்று நிரப்பினோம்.