எரிந்த நெகட்டிவ்களும் ஒரு பால்மா டின்னும்

2025 மே 23, வெள்ளிக்கிழமை. மதியச் சமையல் முடிந்து அடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பாரில் வேலை செய்கிற போர்த்துக்கேயப் பெடியன் ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து, "உன்ர ஆள் செத்துப்போனார்" என்றான்.

என்ர ஆள் என்றால் செபஸ்தியாவோ சல்காடோ. பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர். கோப்பை கழுவும் இடத்துக்கு மேலே சுவரில் ஒரு தபாலட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். 1986இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் அவர் எடுத்த படம். சேற்று மூட்டைகளைத் தோளில் சுமந்தபடி ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஏணிகளில் ஏறுவார்கள், இறங்குவார்கள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் ரெஸ்ரோரண்டில் எல்லோரும் அவரை 'உன்ர ஆள்' என்பார்கள். நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவருடைய படக் காரியாலயம் கனால் சென் மார்த்தன் கரையில்தான் இருந்தது. எங்கள் ரெஸ்ரோரண்டில் இருந்து நடந்து போகிற தூரம். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் சும்மா விடுவார்கள். 'கூப்பூர்' என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் கனால் கரையால் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. எண்ணெய் மணக்கிற சேட்டோடு போய் என்னத்தைச் சொல்கிறது? 'நானும் ஒரு காலம் படம் பிடிச்சனான்' என்றா?

உண்மையில் நானும் ஒரு காலம் படம் பிடித்தேன். இந்தக் கதையை இதுவரை எழுதியதில்லை.

2002இல் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். சமாதான காலம். பாதை திறந்து சனம் அலைமோதியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கலியாண வீடு, சாமத்தியவீடு, பாஸ்போட் படம், அடையாள அட்டைப் படம் என்று ஓய்வில்லை. ஸ்ரூடியோ அண்ணை பேசாத மனிசன். இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்தில் தாள் மருந்துக்குள் கிடந்து மெல்ல மெல்ல முகமாக மாறுவதை முதல்நாள் நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். "வாயை மூடு தம்பி, மருந்து மணம் உள்ளுக்குப் போகும்" என்றார். அவர் எனக்குச் சொல்லித் தந்த முதற்பாடம் அதுதான்.

2003இல் ஒருநாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பக்கத்துச் சைக்கிள் கடைப் பெடியன் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தான். நான் தனியே எடுத்த முதற்படம் அது. பழைய யாஷிகா கமெரா. ஒரு பிலிமில் 12 படம்தான் வரும். அவன் கதிரையில் இருந்ததும் சிரிக்கத் தொடங்கிவிட்டான். எனக்கும் சிரிப்பு. சிரித்தபடியே ஒன்றைத் தட்டிவிட்டேன். அடையாள அட்டைக்குச் சிரிக்கக் கூடாது. அதனால் இரண்டாவதாக ஒன்று, உம்மென்று. பின்னேரம் அண்ணை பிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு, "சிரிப்புக்கு ஒரு படம் வீணோ?" என்று பேசினார். ஆனால் வெட்டி எறியவில்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, கொப்பியில் இலக்கத்தையும் பெயரையும் எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன்.

2004இல் எனக்குக் கம்பஸ் கிடைத்தது. விரிவுரை இல்லாத நேரமெல்லாம் ஸ்ரூடியோவில்தான் நின்றேன். 2005 பொங்கு தமிழுக்கு அண்ணையும் நானும் படம் எடுத்தோம். அந்த நெகட்டிவ்களும் மற்ற நெகட்டிவ்களோடு அதே பெட்டிகளில் கிடந்தன. அப்போது அது ஒரு பிழையாகத் தெரியவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். பின்னேரமானால் தெருவில் நாய்கூட இல்லை. வெள்ளை வான், தலையாட்டி, மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். ஒருநாள் பக்கத்துத் தெருவில் ஒரு கடையைச் சோதித்தார்கள். அன்று இரவு அண்ணை என்னைக் கூப்பிட்டு, பின் வளவில் ஒரு தார்ப் பீப்பாவை வைத்தார். "எல்லாத்தையும் கொண்டு வா" என்றார். "பொங்கு தமிழ்ப் படங்களை மட்டும் பிரிப்பமே அண்ணை?" என்று கேட்டேன். "விடியிறதுக்குள்ள பிரிப்பியோ?" என்றார். நான் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் போட்டார். கொப்பிகளும் போயின. நெகட்டிவ் எரிகிற மணம் ஒருமாதிரி. இன்றைக்கும் குசினியில் பிளாஸ்ரிக் ஏதும் அடுப்பில் பட்டுவிட்டால் நான் வெளியே போய்விடுவேன்.

2007 தொடக்கத்தில் சைக்கிள் கடைப் பெடியனைக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் ஸ்ரூடியோவுக்கு வந்தா. 1995 இடப்பெயர்வில் அவர்களுடைய வீட்டுப் படமெல்லாம் போய்விட்டது. அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. "தம்பி, நீங்கள் எடுத்த படம் இருக்குமெல்லே, ஒரு கொப்பி அடிச்சுத் தாங்கோ. காம்பில காட்டிக் கேக்க வேணும்" என்றா. நான் சொன்ன பதில்: "தேடிப் பாக்கிறன் அம்மா."

எரித்துவிட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கிழமையில் நாலு தரம் வந்தா. நாலு தரமும் அதே பதில். ஐந்தாம் தரம் யாரோ சொந்தக்காரரின் கலியாண அல்பத்தைக் கொண்டுவந்தா. குறூப் படம் ஒன்றில் ஒரு பெரிய மனிசனின் தோளுக்குப் பின்னால் அவனுடைய பாதி முகம் தெரிந்தது. பெருவிரல் நகமளவு. அதைத் திருப்பிப் படமெடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். முகமெல்லாம் மணல் கொட்டியது போலப் புள்ளி. அவ சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தா. தூசு என்று நினைத்தா போல. நான் கடைசியாக அடித்த படம் அது. அந்த வருடமே கம்பஸையும் பாதியில் விட்டுக் கப்பலில் திருகோணமலை போய், கொழும்பு போய், 2008இல் பாரிஸ் வந்து சேர்ந்தேன். கோப்பை கழுவினேன், மரக்கறி வெட்டினேன், இப்போது சமைக்கிறேன். கமெராவைத் தொடவில்லை.

சல்காடோவை எனக்குப் பிடித்தது அவருடைய படங்களால் மட்டுமல்ல. அவரும் எங்களைப் போல இங்கே வந்து விழுந்தவர். பொருளாதாரம் படித்தவர். பிரேசிலில் இராணுவ ஆட்சி நடந்தபோது 1969இல் மனைவி லேலியாவோடு பாரிசுக்கு ஓடி வந்தார். 1979 பொதுமன்னிப்பு வரும்வரை ஊருக்குத் திரும்ப முடியவில்லை. லேலியா கட்டடக்கலைப் படிப்புக்காக வாங்கிய கமெராவைத்தான் முதலில் கையில் எடுத்தார். 1973இல், லண்டனில் சர்வதேசக் கோப்பி அமைப்பில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு முழுநேரப் படக்காரர் ஆனார். சாகல் பஞ்சம், தன்பாத் நிலக்கரித் தொழிலாளர், அகதி முகாம்கள் என்று உலகமெல்லாம் அலைந்தார். 1994இல் ருவாண்டாவில் அவர் பார்த்தவை அவரை உடைத்துவிட்டன. உடம்பு நோயில் விழுந்தது. பாரிசில் ஒரு வைத்தியர், உனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, நீ பார்த்த சாவுகள்தான் உன்னைக் கொல்கின்றன, நிறுத்து என்று சொன்னாராம். 2013இல் ஒரு மேடையில் அவரே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனிதர்மேல் நம்பிக்கை போய், படம் எடுப்பதையே விடுவதென்று முடிவெடுத்தாராம்.

ஊருக்குப் போனால் தகப்பனின் மாட்டுப்பண்ணை காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. ஏறக்குறைய 700 எக்ரேயர். சின்ன வயதில் பாதிக்கு மேல் காடாக இருந்த நிலம். காட்டைத் திரும்ப நடுவோம் என்றது லேலியாதான். 1998இல் அதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 20 லட்சத்துக்கு மேல் மரம் நட்டிருக்கிறார்கள், அங்கே பிள்ளைகளுக்கும் விவசாயிகளுக்கும் பாடமும் நடக்கிறது. மரம் முளைக்க முளைக்க மனிசனுக்குப் படம் எடுக்கிற ஆசையும் முளைத்தது. 2004இல் கலபாகோஸ் தீவுக்குப் போய் இராட்சத ஆமைக்கு முன்னால் தானும் முழங்காலில் தவழ்ந்து படம் எடுத்தார். அப்போது அவருக்கு அறுபது வயது.

எனக்கு 700 எக்ரேயர் இல்லை. இருபது சதுரமீற்றர் அறை இருக்கிறது, அதையும் இன்னொருவரோடு பங்கு போடுகிறேன். அதனால் 'அவரைப் போல நானும்' என்று கதை விட மாட்டேன்.

அவரிடம் குறையும் உண்டு. குடிபெயர்ந்த மக்களைப் பற்றிய அவருடைய படங்களில் மனிதர்களுக்குப் பெயர் போடவில்லை என்று சூசன் சொன்ராக் 2003இல் எழுதிய புத்தகத்தில் கண்டித்தார். பிரபலமானவர்களுக்கு மட்டும் பெயர், ஏழைகளுக்கு ஊரும் தொழிலும்தானா என்பது அவருடைய கேள்வி. சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். அவரிடம் பெயரில்லாத முகங்கள் இருந்தன. என்னிடம் முகமில்லாத ஒரு பெயர் இருந்தது.

அவர் செத்த கிழமையில் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் சாப்பிட வந்தவ. அந்தத் தபாலட்டைக் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அண்ணை, பிள்ளையளுக்குப் படம் பிடிக்கிறதைப் பற்றி ஒருநாள் கதையுங்கோவன்" என்று கேட்டா. மறுத்தேன். இரண்டாம் தரமும் கேட்டா. ஒரு பின்னேரம் கூப்பூரில் பூல்வார் போமார்ஷேயில் உள்ள கமெராக் கடைக்குப் போய்ப் படத்தாளும் மருந்தும் வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒன்பது பிள்ளைகள். எல்லோருடைய கையிலும் ஆயிரம் படம் கிடக்கிற ரெலிபோன். நான் ஒரு பால்மா டின்னைக் கொண்டுபோனேன். உள்ளே கறுப்பு மை பூசி, பக்கத்தில் ஒரு ஓட்டை வெட்டி, சோடாக் கான் தகட்டில் ஊசியால் குத்திய பொட்டு ஒன்றை அதில் ஒட்டியிருந்தேன். லென்ஸ் இல்லை, பற்றரி இல்லை. இருட்டில் படத்தாளை உள்ளே வைத்து மூடி, வெளியே கொண்டுபோய்க் கறுப்பு ரேப்பைக் கழற்றி, நல்ல வெயிலில் நாற்பது எண்ணும்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஒரு பெடியன் முப்பத்தொன்றில் தும்மிவிட்டான். மண்டபத்தின் கழிப்பறையைத்தான் இருட்டறையாக்கினோம். சிவப்புப் பல்ப் வெளிச்சத்தில் தாள் மருந்துக்குள் கிடந்து கறுத்து, வெளுத்து, ஆளாக வந்தபோது ஒன்பது வாயும் திறந்திருந்தன. "வாயை மூடுங்கோ, மருந்து மணம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று விளங்கியது.

பிறகு ஒரு பிள்ளை கேட்டாள், ஏன் மாமா நீங்கள் விட்டீங்கள் என்று. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இருட்டுக்குள் நின்றதாலோ என்னவோ பீப்பா, நெருப்பு, சிரித்த படம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வயது இருக்கும் அவளுக்கு. தமிழும் பிரெஞ்சும் கலந்து அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்ப அந்த அம்மம்மாட்ட சொல்லிட்டீங்களா?"

2017இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தங்கள் தெருவோரம் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கியபோது இணையத்தில் வந்த படங்களில் அவவைக் கண்டிருந்தேன். மடியில் அந்தப் பாதி முகம். நான் அடித்த புள்ளி விழுந்த படம். உடனே மூடிவிட்டேன். எட்டு வருடம் மூடியே வைத்திருந்தேன். பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல?

ஊரில் இருக்கிற மச்சான் மூலம் இலக்கம் எடுத்தேன். ஒரு கூப்பூர் நேரம் கனால் கரையில் இருந்து எடுத்தேன். யாரென்று சொன்னதும், "ஸ்ரூடியோத் தம்பியோ?" என்றா. எல்லாவற்றையும் சொன்னேன். எரிக்கும்போது பெட்டி தூக்கிக் கொடுத்தது நான்தான் என்பதையும், தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னது பொய் என்பதையும். அவ கனநேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

பிறகு கேட்டா: "அந்தப் படத்தில என்ன சேட் போட்டிருந்தவன்?"

"கோடு போட்ட சேட் அம்மா. கொலரில கிறீஸ் பட்டிருந்தது. அளவில்லாமத் தொளதொளவெண்டு கிடந்தது."

"அது தமையன்ர. கேக்காமக் கொண்டு போயிருக்கிறான்" என்றா. "சிரிச்சவனோ?"

"ஒண்டில சிரிச்சவன். வீணாக்கிப் போட்டாய் எண்டு அண்ணை என்னைப் பேசினவர்."

அவ அழுதாவா சிரித்தாவா என்று சொல்லத் தெரியவில்லை. என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "திரும்ப எடு தம்பி, அவன்ர கதை கதைக்கிறதுக்கு ஆக்கள் குறைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னா. இப்போது ஞாயிறுகளில் எடுக்கிறேன். அவனுடைய பெயரை இங்கே எழுதவில்லை. அது அவவிடம் கேட்டு எழுத வேண்டியது.

பழைய நிக்கொன் ஒன்று வாங்கியிருக்கிறேன், பிலிம் கமெரா. மாதத்தில் இரண்டு தரம் பிள்ளைகளுக்கு வகுப்பு. கூப்பூர் நேரத்தில் குசினியில் என்னோடு வேலை செய்கிறவர்களைப் பின்வாசலில் இருத்திப் படம் எடுக்கிறேன். மாலிக்காரன், வங்காளி, அந்தப் போர்த்துக்கேயப் பெடியன். ஒவ்வொருவருக்கும் இரண்டு படம். ஒன்று காரியாலயங்களுக்குக் கொடுக்க, உம்மென்று. மற்றது வீட்டுக்கு அனுப்ப. படத்துக்குப் பின்னால் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதி ஒரு கொப்பியிலும் பதிகிறேன். நெகட்டிவ்களை மூன்று வீடுகளில் பிரித்து வைத்திருக்கிறேன்.