35 விநாடியும் மூன்று வருடமும்

கேரி, வட கரோலினா
13.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நாளைக்குச் சித்திரைப் பிறப்பு, மாங்காய்ப் பச்சடிக்கு இங்கே வேப்பம்பூ கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை என்று அவளிடம் சொல்.

போன ஞாயிறு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். அங்கே காலை ஒன்பது மணிதான் இருக்கும். கல்லூரிக் கூடைப்பந்து அரையிறுதியில் ட்யூக் ஹூஸ்டனிடம் தோற்ற சூட்டோடு சூடாக, "இந்த ஆளை வைத்துக்கொண்டு ட்யூக் இனி ஒரு காலத்திலும் சாம்பியன் ஆகாது" என்கிறாய். ட்யூக்கின் கேமரன் அரங்கத்தின் பெஞ்சில் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் நீ. உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபோனில் பேசினால் நாம் இரண்டு பேருமே ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

வாரம் முழுக்க ஆபீஸில் இதே பேச்சுதான். பரம எதிரி கரோலினாவின் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், அதை விட்டுவிடு. ட்யூக் ரசிகர்கள் இரண்டு கட்சி. கோச் ஜான் ஷையருக்கு ஆள் பிடிக்கத் தெரியும், ஆட்டத்தை முடிக்கத் தெரியாது என்று ஒரு கட்சி. 37 வயதுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சியிலும் எனக்கு உடன்பாடில்லை. வயது ஏறினால் தானாக வந்துவிடும் என்று சொல்வதற்கு, அது என்ன நரையா?

ஹூஸ்டன் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 67-61, ஆறு புள்ளி முன்னிலை, மிச்சம் இருப்பது 35 விநாடி போல. இந்த இடத்தில் ஒரு அணி தோற்க வேண்டுமென்றால் தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழ வேண்டும். விழுந்தன. ஹூஸ்டனின் ஷார்ப் ஒரு மூன்று புள்ளி போட்டார். நம் சையான் ஜேம்ஸ் வெளியிலிருந்து உள்ளே எறிந்த பந்தை அவர்களுடைய வில்சன் தட்டிப் பறித்தார். அவர் உடனே எறிந்தது தவறியது, ஆனால் டக்லர் பாய்ந்து பிடித்து வளையத்துக்குள் அறைந்தார். 67-66. அடுத்து நம் பிராக்டர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார். முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது உண்டு; முதலாவது விழவில்லை. அந்த ரீபவுண்டுக்குப் போனபோது ஹூஸ்டனின் ராபர்ட்ஸ் முதுகில் ஏறியதாக நம் நட்சத்திரம் ஃபிளாக் மேல் ஃபவுல். ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார், ஹூஸ்டன் 68-67. கடைசியில் ஃபிளாக் அதே ராபர்ட்ஸுக்கு மேலாகத் திரும்பி எறிந்த பந்து வளையத்துக்குக் குறைவாகவே விழுந்தது. 70-67. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் ஹாலில் அத்தனை பேர் இருந்தும் யாரும் டிவியை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

அந்த 35 விநாடிக்காக நான் ஷையரைக் குறை சொல்ல மாட்டேன். தட்டிப் பறித்த பந்து, தவறிய ஃப்ரீ த்ரோ, நடுவர் ஊதிய ஃபவுல் எல்லாம் எந்தப் பெரிய கோச்சுக்கும் நடக்கும். நான் குறை சொல்வது அதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்காக. 59-45 என்று பதினான்கு புள்ளி முன்னே இருந்த அணி, கடைசிப் பத்தரை நிமிடத்தில் ஆட்டத்தின் ஓட்டத்தில் ஒரே ஒரு கூடைதான் போட்டது. மற்றதெல்லாம் ஃப்ரீ த்ரோ. அந்த நேரத்தில் பந்து எப்படி நகர்ந்தது என்று மறுபடியும் போட்டுப் பார். ஃபிளாக் கைக்குப் பந்து போகிறது, மற்ற நான்கு பேரும் ஓரமாக ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள். கெனிபிள் நன்றாக எறிந்துகொண்டிருந்த பையன், அவனுக்காகத் திரை போட்டு அவனை விடுவிக்கும் ஆட்டமே இல்லாமல் போய்விட்டது. ஏழடி இரண்டு அங்குல மலுவாச்சுக்கு முழு ஆட்டத்திலும் ஒரு ரீபவுண்டுகூட இல்லை. ஹூஸ்டன் மாதிரி முட்டி மோதும் அணிக்கு எதிராக இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது பெஞ்சின் தவறு. அதை நான் மறைக்கவில்லை.

இது ஒரு நாள் விபத்தும் இல்லை. இந்த சீசனில் ட்யூக் ஆடியது 39, தோற்றது நான்கு. கென்டக்கியிடம் 77-72, கான்சஸிடம் 75-72, கிளெம்சனிடம் 77-71, ஹூஸ்டனிடம் 70-67. எந்தத் தோல்வியும் ஆறு புள்ளியைத் தாண்டவில்லை. கென்டக்கி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் ஃபிளாக் பந்தைப் பறிகொடுத்தான். கிளெம்சனில் சமன் செய்யப் போனவன் கால் வழுக்கி விழுந்தான். கான்சஸ் ஆட்டத்தில் எதிரணியின் பெரிய ஆள் டிக்கின்சனை நடுவர்கள் வெளியே அனுப்பிய பிறகும் நம்மால் முந்த முடியவில்லை. எல்லா இடத்திலும் நெருக்கடி ஒன்றுதான், பதின்ம வயதுப் பையன் ஒருவனுடைய கையில் பந்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் காத்திருப்பது. அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், எதிரணிக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால், என் கணக்கில் காரணம் வேறு. ட்யூக் மிகச் சுலபமாக ஜெயித்துக்கொண்டே வந்தது. ட்யூக் ஆடும் ஏசிசி கல்லூரிக் குழு இந்த வருடம் பலவீனமானது. தேசியப் போட்டிக்கு நான்கே அணிகள் போயின. ஏசிசிக்குள் ஆடிய 20 ஆட்டத்தில் ட்யூக் 19 ஜெயித்தது. பிப்ரவரியில் நியூயார்க்கில் இல்லினாயை 110-67 என்று அடித்தபோது நாமெல்லாம் துள்ளினோம். ஆனால் இறுக்கமான கடைசி ஐந்து நிமிடம் என்பதை இந்தப் பையன்கள் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் போதுமான அளவுக்கு வாழ்ந்து பார்க்கவில்லை. பழகாத ஒன்றை ஏப்ரலில், ஆலமோடோம் மாதிரி ஒரு பெரிய மைதானத்தின் நடுவில் எப்படிச் செய்வார்கள்? எச்சரிக்கையும் வந்தது. ஏசிசி அரையிறுதியில், ஃபிளாக் கணுக்காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்க, கரோலினாவுக்கு எதிரான 24 புள்ளி முன்னிலை கரைந்துகொண்டே வந்ததே! அவர்களுடைய ஆள் ஒருவர் ஃப்ரீ த்ரோவின்போது முன்னாலேயே காலை வைத்ததால்தான் சமன் செய்யும் புள்ளி செல்லாமல் போனது. நாம் 74-71 என்று தப்பித்தோம். அடுத்த நாள் லூயிவில்லை வென்று கோப்பையைத் தூக்கியதும் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்ட உதவி கோச் லூகஸ், மியாமிக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டதும் அதே வாரங்களில்தான்.

சரி, குறையைச் சொல்லிவிட்டேன். இனி நீ கேட்க விரும்பாததைச் சொல்கிறேன்.

ஷையரின் பெரிய பலம் ஆள் பிடிப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அது பாதி. ஒரு வருடம் எங்கே அடி விழுந்ததோ, அடுத்த வருடம் அணியை அந்த இடத்திலிருந்து கட்டுகிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2023-ல் ஆர்லாண்டோவில் டென்னஸி முதிர்ந்த உடம்புகளை வைத்து நம் பிள்ளைகளை இடித்துத் தள்ளி 65-52 என்று முடித்தது. அதற்கு விடையாக அடுத்த வருடம் பழைய ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொண்டு வந்தார். 2024-ல் டல்லாஸில் என்சி ஸ்டேட்டின் டி.ஜே. பர்ன்ஸ் 29 புள்ளி எடுத்தது உனக்கு நினைவிருக்கும். இடைவேளையில் 27-21 என்று முன்னே இருந்த நாம் 76-64 என்று தோற்றோம். அந்த இரண்டாவது பாதியில் 55 புள்ளி விட்டுக்கொடுத்தோம் என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. பர்ன்ஸைத் தடுக்க அன்றைக்கு வழியே கண்டுபிடிக்கவில்லை. அதன் பிறகு என்ன நடந்தது பார். ஏழு பேர் வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள், சிலர் என்பிஏவுக்குப் போனார்கள். தொடர்ந்து ஆடியவர்களில் மிஞ்சியது பிராக்டரும் ஃபாஸ்டரும்தான். அந்த வெற்றிடத்தில் ஃபிளாக், கெனிபிள், மலுவாச் என்று பிள்ளைகளைக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை. டுலேனிலிருந்து சையான் ஜேம்ஸ், பர்டியூவிலிருந்து கில்லிஸ், சிரக்யூஸிலிருந்து மலீக் பிரவுன் என்று அடிபட்டுத் தேறிய மூத்தவர்களையும் சேர்த்தார். முக்கியமாக ஆடுகிறவர்களில் ஆறடி ஐந்து அங்குலத்துக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. யார் யாரை வேண்டுமானாலும் மாற்றிப் பிடிக்கலாம், எதிரணிக்கு இடுக்கே கிடைக்காது. இது காசு கொடுத்து நட்சத்திரம் வாங்கியவனின் வேலையா? முந்தைய மார்ச்சில் எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வந்தது என்று உட்கார்ந்து பார்த்தவனின் வேலை.

ஒரு அணிக்கு மேனேஜர் மாதிரி தனியாக ஆள் வேண்டும் என்று 2022-லேயே ரேச்சல் பேக்கரைக் கொண்டுவந்தவரும் இவர்தான். இன்றைக்குப் பல கல்லூரிகள் அதைச் செய்கின்றன.

ஷையருக்கு முன்னால் ட்யூக்கை நடத்திய கோச் கே-யோடு ஒப்பிடுகிறாய். சரி, ஒப்பிடுவோம், ஆனால் ஐந்து கோப்பைகளையும் 1,202 வெற்றிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன கோச் கே-யோடு வேண்டாம். 1980-ல் 33 வயதில் வந்த கோச் கே-யோடு ஒப்பிடு. முதல் மூன்று வருடத்தில் அவர் 38 வென்று 47 தோற்றார். 1983-ல் ஏசிசி போட்டியில் விர்ஜினியா 109-66 என்று துவைத்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்தக் காலத்திலிருந்து ட்யூக் ரசிகர். அந்த மனிதரை அனுப்பிவிடு என்று தானும் ஊரோடு சேர்ந்து கத்தியதாக வேலியோரம் நின்று சொன்னார். விளையாட்டுத் துறைத் தலைவர் டாம் பட்டர்ஸ் அனுப்பவில்லை. 1984-ல் ஒப்பந்தத்தை நீட்டித்தார். முதல் கோப்பை வந்தது 1991-ல். ஷையரின் முதல் மூன்று வருடம் 89 வெற்றி, 22 தோல்வி. 2010-ல் பட்லரை 61-59 என்று வென்று கோப்பை தூக்கிய அணியில் ஆடியவர், அதே வீட்டில் உதவியாளராக வேலை கற்றவர். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கோச் கே-க்கு அன்றைக்குக் கிடைத்த பொறுமை இன்றைக்கு யாருக்கும் கிடைக்காது. அவரைப் போல நான்கு வருடம் ஒரே பிள்ளைகளை வளர்த்தெடுக்கவும் முடியாது. ஃபிளாக் எப்படியும் என்பிஏவுக்குப் போய்விடுவான். ஷையர் வருடா வருடம் அடித்தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வயதுப் பேச்சுக்கு வருகிறேன். ஹூஸ்டனின் கெல்வின் சாம்ப்சனுக்கு 69 வயது. நம்மை வென்ற இரண்டே நாளில் இறுதி ஆட்டத்தில் 12 புள்ளி முன்னிலையைத் தொலைத்தார். கடைசி வாய்ப்பில் அவருடைய அணியால் பந்தை எறியக்கூட முடியவில்லை. 65-63 என்று வென்ற ஃபுளோரிடாவின் டாட் கோல்டனுக்கு 39 வயது. அவருக்கு முன் இவ்வளவு இளம் வயதில் கோப்பை வென்றவர், நம் ராலேயில் என்சி ஸ்டேட்டை நடத்திய ஜிம் வல்வானோ. 1983-ல் அவருக்கு 37, இன்றைக்கு ஷையருக்கு இருக்கும் அதே வயது. ஆகவே கடைசி நிமிடத்தை நரைத்த தலைக்குத்தான் நடத்தத் தெரியும் என்பதை விட்டுவிடலாம். அதேபோல "சின்ன வயது, மன்னித்துவிடுங்கள்" என்பதையும் விட்டுவிடலாம். செய்ய வேண்டியது வேலை. நவம்பர், டிசம்பரில் இன்னும் கடுமையான அணிகளோடு ஆட வேண்டும். முன்னிலை பதினைந்து இருக்கும்போதுகூட, கடைசி நான்கு நிமிட ஆட்டத்தை இரண்டு மூன்று பேர் கைவழியாக ஓட்டிப் பழக்க வேண்டும். பந்தை வெளியிலிருந்து உள்ளே போடுவதற்கு, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு ஒன்றிரண்டு வழிகள் இருக்க வேண்டும். இது கற்றுக்கொள்ளக்கூடியது. டென்னஸியிடமும் என்சி ஸ்டேட்டிடமும் வாங்கியதிலிருந்து கற்றுக்கொண்டவர் இதையும் கற்றுக்கொள்வார் என்று நான் நம்புகிறேன்.

வரும் சீசனில் பூசர் இரட்டையர்கள் வருகிறார்கள், 2001 சாம்பியன் அணியில் ஆடிய கார்லோஸ் பூசரின் பிள்ளைகள். மூத்தவர்கள் யார் யார் தங்குகிறார்கள், கல்லூரி மாறுவதற்கான போர்ட்டல் வழியாக யார் வருகிறார்கள் என்பது இன்னும் சில வாரத்தில் தெரிந்துவிடும். எனக்கு ஒரு உதவி செய். நவம்பரில் முதல் இறுக்கமான ஆட்டம் வரும்போது ஸ்கோரை மட்டும் பார்க்காதே. கடைசி நான்கு நிமிடத்தில் பந்து எத்தனை பேர் கையைத் தொட்டது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. நானும் இங்கே குறித்து வைக்கிறேன். ஒரே கையில் நின்றால் நீ சொன்னதை நான் யோசிக்கிறேன்.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? கேமரனில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொன்னால்தான் உன் மாமாவால் யாரிடமாவது கேட்டு வைக்க முடியும். வரும்போது அம்மாவிடம் சொல்லி வேப்பம்பூ வாங்கி வா.

அன்புடன்,
அக்கா