ஒவ்வாமை உடையாரும் ஓடம் ஏறலாம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் இருமருங்கும் கடல் விரிந்து கிடக்கக் காண்பர். அல்லைப்பிட்டியையும் மண்கும்பானையும் கடந்தால் வேலணை வந்துவிடும். பனையும் பூவரசும் நிழல் செய்யும் இவ்வூரை உள்ளிட்ட தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரைச் சூட்டி லைடன் என்றனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. பெயரை மாற்றியவர்கள் போய்விட்டார்கள். கடலும் மீனும் பனையும் இருந்தபடியே இருக்கின்றன.

தீவகத்தின் வாழ்வு கடலோடு பிணைந்தது. சாட்டிக் கடற்கரையை அடுத்துக் கடற்பயணிகளின் காவலியாகிய சிந்தாத்திரை மாதாவுக்கு ஒரு திருத்தலம் இருக்கின்றது. கடலேறுமுன் நேர்த்தி வைப்பது இங்கே சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பொதுவான வழக்கம். ஆனால், காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாத ஒருவன், ஒரு கிண்ணம் கூழுக்கு அஞ்ச நேர்ந்தால் அவன் எவ்வாறு தீவுப் பயணம் செய்வது? எம்முடைய மாணவன் ஒருவனை அழைத்துக்கொண்டு வேலணையில் இரு நாள்கள் தங்கியபோது இக்கேள்வியை நாம் நேரிலே எதிர்கொண்டோம்.

அம்மாணவனுக்கு வயது பதினாறு. நண்டு, இறால், கணவாய் மூன்றும் அவனுக்கு ஆகா. உண்டால் மட்டுமன்றி, இறாலுரித்த கை பட்டாலும் தோல் தடிக்கும். அவை அவியும் ஆவியை முகர்ந்தாலும் மூச்சு இழுக்கும். வகுப்பு மாணவர் அனைவரும் தீவகம் செல்லத் திட்டமிட்டபோது, அவனுடைய தாயார், "இவன் வீட்டிலேயே நிற்கட்டும் சேர்" என்றார். அவர் கூறியதிலே நியாயம் இருந்தது. ஆனால், வாசலிலே நின்ற பையனின் முகத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இரண்டுக்கும் இடையிலே ஒரு வழி காண்பதே எம் கடமையாயிற்று.

ஒவ்வாமையின் வரலாறே ஒரு கடற்பயணத்தில் தொடங்கியது என்பது பலர் அறியாத செய்தி. 1901 ஆம் ஆண்டிலே மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேட்டின் கப்பலில் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சென்றனர். சொறிமீன் போன்று கடலில் மிதந்து, பட்டோரைத் துடிக்கச் செய்யும் ஓர் உயிரின் நஞ்சை ஆராய்வது அவர்கள் நோக்கம். நாடு திரும்பிய பின் கடற்சாமந்தி எனப்படும் பிறிதோர் உயிரின் நஞ்சைச் சிறிதளவாக நாய்களுக்கு ஏற்றினர். பழகப் பழக உடல் நஞ்சைத் தாங்கும் என்பது எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ நேர்மாறு. முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரங்களின் பின் மிகச் சிறிய அளவு ஏற்றிய மாத்திரத்தே மூச்சுத் திணறி இறந்தது. காப்புக்கு மாறானது என்னும் பொருள்பட இதற்கு அவர்கள் 1902 இல் அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டனர். ரிஷே 1913 இல் நொபெல் பரிசு பெற்றார். ஒவ்வாமையைக் குறிக்கும் அலர்ஜி என்னும் சொல்லை 1906 இல் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமன்ஸ் பொன் பிர்க்கே.

நண்டிலும் இறாலிலும் உள்ள துரொப்போமயோசின் என்னும் தசைப் புரதமே பெரும்பாலும் இத்துன்பத்துக்குக் காரணம். அது வெப்பத்தால் எளிதில் அழிவதில்லை. "நன்றாக அவித்தால் ஒன்றும் செய்யாது" என்று நம் வீடுகளில் ஆறுதல் சொல்வது ஆபத்தானது. மீனிலுள்ள புரதம் வேறு. ஆகவே இறால் ஒவ்வாதவர் எல்லார்க்கும் மீனும் ஒவ்வாது என்பதில்லை. எது ஆகும், எது ஆகாது என்பதை வைத்தியரே சோதித்துச் சொல்லவேண்டும்.

எம் மாணவனின் வைத்தியர் அவனுடைய ஒவ்வாமைகளையும் செய்யவேண்டிய முதலுதவியையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். கனடாவிலுள்ள சிறிய தந்தையார் அட்ரினலின் ஊசிப்பேனாக்கள் இரண்டு அனுப்பியிருந்தார். மேலைநாடுகளில் வைத்தியரின் சீட்டுக்குக் கிடைக்கும் இப்பேனா நம் நாட்டுக் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. இல்லாதவர்கள் மாற்றுவழியைத் தம் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். தொடையின் வெளிப்புறத்து நடுப்பாகத்தில் அதனை அழுத்தும் முறையை நாமும் பையனின் நண்பர் இருவரும் பழகிக்கொண்டோம். மருந்து வெயிலிற் கெடும். பெட்டியின் அடியிலே கிடந்தாலும் பயனில்லை. துணியிற் சுற்றிய சிறு பையில் அது எந்நேரமும் அவனுடனேயே இருந்தது.

வேலணையில் நாம் தங்கிய வீட்டிலே முதல் நாள் மாலை ஒடியற் கூழ் காய்ச்சினார்கள். ஒடியல் மா, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, அவற்றோடு மீனும் நண்டும் இறாலும் சேர்ந்து பெரிய பானையிலே கொதிக்கும் மணம் தெருவரை எட்டியது. பையனைக் காற்று வரும் திசையிலே, அடுப்புக்கு வெகு தூரத்தில், வேப்பமரத்தடியில் இருத்தினோம். அவனுக்கெனப் புட்டும் பருப்புக் கறியும் முன்னதாகவே வேறு சட்டியில் ஆக்கி மூடி வைக்கப்பட்டிருந்தன. தேங்காய்ச் சம்பலை மட்டும் நிறுத்தி வைத்தோம். சம்பலில் மாசிக் கருவாடு இடித்துச் சேர்ப்பது இலங்கையிற் பரவலான வழக்கம். பையனுக்கு மாசி ஆகுமேனும், அதை இடித்த உரலில் முன்னர் கூனியிறாலும் இடிக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்குரிய ஆச்சிக்கு இஃதொன்றும் முதலில் விளங்கவில்லை. பிளாவிலே கூழை வார்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ராசா, ஒரு வாய் குடிச்சுப் பார் அப்பு. உடம்புக்கு நல்லது."

"இல்லை ஆச்சி. நண்டு என்ர உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. மூச்சு நிண்டுபோம். கோபிக்காதேங்கோ."

ஆச்சி சற்று நேரம் அவனையே பார்த்தார். பின்பு பிளாவை அப்பால் வைத்துவிட்டு, "கோபம் என்னத்துக்கு? இளநீர் வெட்டித் தாறன்" என்று எழுந்தார். கத்தியை எடுத்தவர் நின்று யோசித்தார். "இது மீன் வெட்டின கத்தி. பொறு அப்பு, சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வாறன்" என்றார். கைகளையும் கழுவிக்கொண்டு வந்து இளநீரைச் சீவிக் கொடுத்தார். நூல் எதுவும் படியாத அம்மூதாட்டி, பெரிய கப்பல்களின் சமையற்கூடங்களில் பயிற்சி கொடுத்துக் கற்பிக்கும் பாடத்தைக் கணப்பொழுதில் உணர்ந்துகொண்டார். உணவில் இல்லாத பொருள் கத்தியிலும் அகப்பையிலும் கையிலும் வந்துவிடும் என்பதே அப்பாடம்.

2023 ஜூன் மாதத்திலே இந்தியாவிலிருந்து எம்பிரஸ் என்னும் உல்லாசப் பயணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துப் பயணிகள் கப்பற் சேவையும் தொடங்கிற்று. இனி நம்மவர் பலர் கப்பலேறுவர். உல்லாசக் கப்பலில் வைத்தியர் இருப்பார். பயணச்சீட்டு வாங்கும்போதே ஒவ்வாமையைத் தெரிவித்தால் தனியே சமைத்துத் தருவதும் உண்டு. ஆயினும் விரும்பியதைத் தாமே எடுத்துண்ணும் பந்தியில், ஒரு பாத்திரத்துக் கரண்டி மறு பாத்திரத்தில் விழுவது இயல்பு. ஒவ்வாமை உடையோர் அங்கே கைவைக்காதிருத்தலே நன்று. கைகளைத் துடைக்கும் கிருமிநீக்கித் திரவம் கிருமியைக் கொல்லுமேயன்றி உணவுப் புரதத்தை அகற்றாது. சவுக்காரமும் நீருமே வேண்டும்.

மறுநாட் காலை வங்களாவடிச் சந்தியில் வண்டியேறி, புங்குடுதீவுத் தாம்போதியைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். நயினாதீவு அங்கிருந்து கால் மணி நேரப் பயணம். நாகபூஷணி அம்மனைத் தரிசித்தபின் அமுதசுரபி அன்னதான மண்டபத்திலே அமர்ந்தோம். மணிபல்லவம் இத்தீவே என்பது பலர் கொள்கை. மணிமேகலையின் அட்சய பாத்திரத்தின் பெயர் அன்னசாலைக்கு அமைந்தது பொருத்தமே. சைவ உணவாதலின் எம் மாணவன் கவலையின்றி உண்டான். நெடுநாளின் பின் எல்லாரோடும் ஒரே பந்தியிலிருந்து உண்ட மகிழ்ச்சி அவன் முகத்திலே தெரிந்தது.

ஆனால், சைவ உணவு எல்லார்க்கும் காப்பு என்று எண்ணிவிடலாகாது. பால், கச்சான், மரமுந்திரிகைப் பருப்பு, எள் ஆகியனவும் சிலர்க்கு நஞ்சாகும். நம் நாட்டு நல்லெண்ணெயிலும் எள்ளின் புரதம் உண்டு. 2016 இல் லண்டனிலிருந்து விமானத்திற் சென்ற பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி, உறையிற் குறிப்பிடப்படாத எள் கலந்த ரொட்டியை உண்டு உயிர் நீத்தாள். அதன் விளைவாக, கடையிலேயே செய்து பொதிந்து விற்கும் உணவுக்கும் உட்பொருள்களை முழுமையாக எழுதவேண்டும் என்னும் சட்டம் 2021 இல் அங்கே நடைமுறைக்கு வந்தது.

அன்று முற்பகலே நயினாதீவிலிருந்து மீண்டு நெடுந்தீவுக்குப் படகேறினோம். அது ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மீன்பெட்டிகள் இருந்த பக்கத்தை விட்டு, காற்று வரும் பக்கத்திலே பையனை அமர்த்தி, இருக்கையையும் கைபிடிக்கும் கம்பியையும் சவுக்கார நீரில் தோய்த்த துணியால் துடைத்தோம். நடுக்கடலில் படகு ஆடத் தொடங்கியது. பையன் திடீரெனச் சத்தி எடுத்தான்.

எம் நெஞ்சு ஒருகணம் நின்றது. படகிலிருந்தோர், "கடல் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை" என்றனர். அப்படித்தான் இருக்கவேண்டும். ஆயினும் ஒவ்வாமையின் கொடிய நிலையிலும் வாந்தி உண்டு. படகிலே இரண்டையும் மயங்கிக் கொள்வது உயிராபத்தாகும். அவனைக் கிடத்தி, ஊசிப்பேனாவைக் கையிலெடுத்துக்கொண்டு பார்த்தோம். தோலில் தடிப்பில்லை, உதடும் நாவும் வீங்கவில்லை, குரல் கரகரக்கவில்லை, மூச்சில் இழுப்பில்லை. ஆகாத எதையும் அவன் உண்ணவோ தொடவோ இல்லை. அருகிலும் இருவர் அவ்வாறே சத்தி எடுத்துக்கொண்டிருந்தனர். சற்று நேரத்தில் எழுந்து தொடுவானத்தைப் பார்த்தபடி இருந்தான், முகம் தெளிந்தது.

அவ்வறிகுறிகளுள் ஏதேனும் தோன்றியிருப்பின் காத்திராமல் ஊசியை ஏற்றியிருப்போம். ஒவ்வாமைக்குத் தரும் மாத்திரை அட்ரினலினுக்கு ஈடாகாது. ஊசி ஏற்றியபின் நோயாளியை நடக்க விடலாகாது. கால்களை உயர்த்திக் கிடத்தவேண்டும். மூச்சு முட்டினால் சாய்த்து இருத்தலாம். ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிடில் இரண்டாவது ஊசி. குணமானாலும் வைத்தியசாலை சென்றே ஆகவேண்டும். சில மணி நேரத்தின் பின் மீண்டும் வருவதுண்டு. நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. அவசர நோயாளரைக் கடற்படைப் படகுகள் குறிகட்டுவானுக்குக் கொணர்வதும் வழக்கம். கரையேறியபின் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும்.

நெடுந்தீவிலே பவளக்கல் மதில்களையும், பெருத்த பெருக்க மரத்தையும், கட்டுக்கடங்காது திரியும் குதிரைகளையும் மாணவர்கள் கண்டு களித்தார்கள். எல்லாரிலும் கூடுதலாகக் குதிரைகளைத் துரத்தியவன் சத்தி எடுத்த அப்பையனே!

ஒவ்வாமை உடைய பிள்ளையை வீட்டில் அடைத்து வைப்பது எளிது. அழைத்துச் செல்வதற்குத்தான் உழைப்பு வேண்டும். பெற்றோர் மருந்தையும் தாளையும் ஆயத்தம் செய்யட்டும். ஆசிரியர் ஊசி ஏற்றப் பழகட்டும். "ஆகாது" என்று கூசாமற் சொல்லப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். விருந்தளிப்போர்க்கு ஒன்றே ஒன்று: வந்தவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், கத்தியைக் கழுவிக்கொண்டு வந்து ஓர் இளநீரைச் சீவிக் கொடுங்கள். விருந்தோம்பல் அதனாற் சிறிதும் குறைவதில்லை.