புலி பார்க்கப் போனோம்

கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நாம் செலுத்த வேண்டிய பிரார்த்தனை ஒன்று பாக்கி இருந்தது. மார்கழியில் அரியலூருக்கு ரயில் ஏறும்போது, நம் வீட்டுச் சிறுவன் ஒரு நிபந்தனை விதித்தான்: "தரிசனம் ஆனதும் காட்டில் புலி காட்ட வேண்டும்!" நாமும் யோசியாமல் "ஆகட்டும்" என்று சொல்லி வைத்தோம். குழந்தைகளுக்கு வாக்குக் கொடுப்பதைப் போன்ற அபாயம் உலகில் வேறில்லை.

கலியுக வரதராஜப் பெருமாள் அங்கே உயர்ந்ததொரு கல் தூணில் எழுந்தருளியிருக்கிறார். காணாமற்போன பசுவைத் தேடிச் சென்றவர் காட்டுக்குள் அத்தூணைக் கண்டதாக ஸ்தல வரலாறு. "அந்தக் காடு எங்கே?" என்றான் சிறுவன். சுற்றிலும் வயல்கள், அப்பால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள். நாம் விழித்தோம்.

புலி வேண்டுமானால் நீலகிரியிலுள்ள முதுமலைக்குப் போக வேண்டும். 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான காடு அது. நம் கையிலோ இருந்தது ஒரே பகல். கார் ஓட்டி வந்தவர்தான் வழி சொன்னார்: "கரைவெட்டி ஏரிக்குப் போகலாமே, ஐயா!"

சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. சிறுவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினான். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அவனை அசைக்கவில்லை. பிறகு, வெண்தலையில் இரண்டு கருங்கோடுகள் கொண்ட வாத்துக் கூட்டம் ஒன்று நீரில் வந்து இறங்கிற்று. வரித்தலை வாத்து! திபெத், மங்கோலியா முதலிய தேசங்களிலிருந்து, 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில்கூடப் பறந்து இமயமலையைக் கடந்து வரும் பறவை. இதைச் சொன்னதும் சிறுவன் வாய் பிளந்தான்.

"இவ்வளவு தூரம் வந்து, ஏரியில் தண்ணீர் இல்லாவிட்டால்?"

நம்மிடம் பதில் இல்லை. கரையில் நின்ற வயோதிக விவசாயி ஒருவர்தாம் சொன்னார்:

"மேட்டூரிலே திறந்தால்தான் காவேரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வரும், தம்பி. வராவிட்டால் பறவை வேறு ஏரி தேடிப் போய்விடும். எங்களுக்கும் இதே ஏரிதான். ஆனால் எங்களுக்குச் சிறகு இல்லையே!"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நம்மால் சிரிக்க முடியவில்லை. பறவைகளுக்குச் சரணாலயம் என்று நாம் பார்க்க வந்த ஏரி, அவருடைய வயலுக்குச் சோறு போடும் ஏரி. நாரை காத்து நிற்பதும் நாற்று காத்து நிற்பதும் ஒரே தண்ணீருக்குத்தான். பறவை வராத வருஷம், அவர் வீட்டுக் குதிருக்கும் நல்ல வருஷமாக இராது.

திரும்புகையில் சிறுவன் புலியைப் பற்றி மூச்சு விடவில்லை. ரயில் கிளம்பியதும், "மேட்டூரில் இப்போது எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது?" என்று கேட்டான்.

நாள்தோறும் பத்திரிகையில் ஒரு மூலையில் வருகிற கணக்கு அது. இத்தனை காலமாக நாம் அதை ஒரு நாளும் வாசித்ததில்லை. அன்று வாசித்தோம்.