லூமுட் கரையில் ஒரு பாடம்: கடலுக்குப் போகுமுன் கரையில் செய்ய வேண்டியவை

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வரும் என்பதற்காகச் சொன்ன பழமொழி அது. அதன் முதல் பாதியைக் கண்ணால் காண விரும்பினால், விடுமுறை நாளொன்றில் பேராக் மாநிலத்தின் லூமுட் பக்கம் போய் வாருங்கள். காருக்குப் பின்னால் பூட்டிய இழுவண்டியில் ஏறி, ஓடங்கள் ஊர் ஊராகப் பயணம் செய்து கடலுக்கு வருவதைப் பார்க்கலாம்.

ஈப்போவிலிருந்து லூமுட் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் என்று சாலை நீளும். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் வரிசைகட்டி நின்ற இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. சித்தியவானைத் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை கலந்து வரும். டிண்டிங் ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் லூமுட். எதிரே பங்கோர் தீவு. இடையில் ஒரு நீரிணை.

பங்கோரை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. மாசி மகத்தன்று சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஸ்ரீ பத்திரகாளியம்மனைத் தரிசிக்கக் குடும்பம் குடும்பமாகப் படகேறிப் போகிறவர்கள் நாம். டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. பேராக்கின் சரித்திரத்தையே மாற்றிய பங்கோர் உடன்படிக்கை 1874-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், இந்தத் தீவை ஒட்டிய கடலில் நின்ற கப்பலில்தான் கையெழுத்தானது. இவையெல்லாம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. நாம் பேசப் போவது அதில் இல்லாத பாடம்.

லூமுட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்று பொருள். ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கடலில் நிறுத்திய எந்தப் பொருளையும் முதலில் பற்றிக்கொள்வது பாசிதானே? படகு வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர்ப் பலகையே ஓர் எச்சரிக்கை!

நம் பிள்ளைகளும் கடலும்

உல்லாசப் படகு என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழிற்சாலையிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் தூண்டில் மீது ஆசை கொண்டவர்கள் பலர். மூன்று நான்கு நண்பர்கள் கூட்டாகப் பணம் போட்டு, எவரோ பயன்படுத்திய சிறிய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்குகிறார்கள். மாதம் ஒருமுறை கடலுக்குப் போகிறார்கள். சிலர் தெற்கே பூலாவ் செம்பிலான் தீவுக்கூட்டம் வரைக்கும் போகிறார்கள். சில நேரம் மனைவி மக்களும் கூடவே போகிறார்கள்.

நல்ல பழக்கந்தான். குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மாதத்தில் ஒரு நாள் ஓடும் படகு மற்ற இருபத்தொன்பது நாளும் எங்கே இருக்கிறது? வீட்டு முன்புறத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. தினமும் கடலுக்குப் போகும் மீனவர் படகைவிட, எப்போதாவது போகும் படகுதான் அதிகம் கெடுகிறது. ஓடாத எஞ்சினில் உப்பு படியும். அசையாத பெட்ரோல் கெட்டுப்போகும். கூட்டுச் சொத்தாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவர் கழுவியிருப்பார் என்று மற்றவரும், மற்றவர் கழுவியிருப்பார் என்று இவரும் இருந்துவிடுவார்கள்.

பால்மரம் வெட்டிய அனுபவமுள்ள நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்காமல் வீட்டுக்குப் போவார்களா? ஒருநாள் விட்டால் ஒட்டுப்பாலாக இறுகிவிடும். மறுநாள் கத்தி வைத்துச் சுரண்ட வேண்டும். படகுக்கும் அதே நீதிதான். அன்றன்றைக்குக் கழுவினால் தண்ணீர் போதும். அடுத்த மாதம் கழுவினால் உளி வேண்டும்.

முதல் எதிரி உப்பு

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 30 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பையும் அலுமினியத்தையும் மெல்ல மெல்லத் தின்னும். ஆகவே கரையேறிய அன்றே நல்ல தண்ணீரால் படகு முழுவதையும் கழுவ வேண்டும். அணியம் என்று நம் கடற்கரை மக்கள் சொல்லும் முன்பகுதியில் தொடங்கிப் பின்பகுதி வரைக்கும், மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மீன் இரத்தமும் இரைத் துண்டும் கிடந்த இடத்தை மென்மையான சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். மணலும் கடினமான தூரிகையும் கண்ணாடியிழையின் மேற்பூச்சைக் கீறிவிடும். கீறிய இடத்தில் அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டும். நங்கூரக் கயிற்றையும் மறக்க வேண்டாம். உப்பு ஏறிய கயிறு விறைத்து உள்ளுக்குள்ளேயே தேயும்.

கழுவிய பிறகு உலர விடுவதும் முக்கியம். தமிழகக் கரையில் நம் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்து, கட்டை அவிழ்த்து, மரங்களைக் காயப்போடுவது வழக்கம். நீரில் ஊறிய மரம் கனத்துவிடும் என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்தக் கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலம் கட்டமரான் என்று எடுத்துக்கொண்டது. பெயரைக் கொடுத்த நாம் பழக்கத்தை விட்டுவிடலாமா?

எஞ்சினுக்கும் குளியல் உண்டு

படகின் பின்னால் தொங்கும் எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஆகவே வெளியே கழுவினால் மட்டும் போதாது. உள்ளேயும் கழுவ வேண்டும். தண்ணீர் நுழையும் துளைகள்மேல் மாட்டுவதற்குக் காதுமூடி போன்ற இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் கடைகளில் கிடைக்கும். அவற்றோடு தண்ணீர்க் குழாயைப் பொருத்தி, முதலில் குழாயைத் திறந்துவிட்டு, பிறகுதான் எஞ்சினை முடுக்க வேண்டும். கியர் போடாமல் மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் ஓடட்டும். விசிறிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் முடுக்கக் கூடாது. உள்ளே நீரிறைக்கும் சிறிய ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அது வறண்டு சுழன்றால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

எஞ்சின் ஓடும்போது அதன் பின்புறம் நூல்போல் ஒரு நீர்த்தாரை பீய்ச்சுவதைக் காண்பீர்கள். அதுதான் எஞ்சினின் நாடித்துடிப்பு. தாரை மெலிந்தாலோ நின்றாலோ உடனே எஞ்சினை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். முடிந்ததும் எஞ்சினைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள்; உள்ளே நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். எஞ்சினின் அடிப்பகுதியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டியையும் கவனியுங்கள். அது தன்னைக் கடலுக்குத் தின்னக் கொடுத்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுகிறது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அழகுக்காக அதன்மேல் சாயம் பூசினால் அதன் வேலை கெட்டது.

பெட்ரோலும் மழைத்தண்ணீரும்

மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோலை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். பாதி நிரம்பிய தொட்டியில், இரவின் குளிர்ச்சியில் ஈரம் நீராகப் படியும். எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தங்கும். ஒரு பொறி போதும். எஞ்சினை முடுக்குமுன் மூக்கால் மோப்பம் பிடிப்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நிறுத்தும்போது படகின் பின்பகுதியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி, முன்பகுதியைச் சற்று உயர்த்தி வையுங்கள். நம் ஊர் மழை ஒரு மாலையில் படகைத் தொட்டியாக்கிவிடும். தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். டிங்கி காய்ச்சல் நம் வீட்டுப் பிள்ளைக்கும் வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வரும். ஆனால் கழற்றிய அடைப்பை மாட்ட மறந்து படகை நீரில் இறக்கினால் கதையே வேறு. அடைப்பை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வைப்பது நல்ல தந்திரம். அடைப்பு கைக்கு வராமல் சாவி கைக்கு வராது.

இழுவண்டிக்கும் ஒரு சொல். நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். அதை அப்படியே கடல்நீரில் இறக்கினால், திடீரென்று குளிர்ந்து உப்புநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். வீடு திரும்பியதும் அதையும் கழுவிக் கிரீஸ் போடுங்கள்.

கொட்டலசு குடியேறும் விதம்

படகைத் தண்ணீரிலேயே கட்டி வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. முதலில் வழுவழுப்பான படலம் படியும், அதன்மேல் பாசி, அதன் பின் கொட்டலசு. மலாய்க்காரர்கள் தெரித்திப் என்பார்கள். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும் இந்தப் பிராணி, இடம் பிடித்ததும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்ளும். பிறகு ஆயுள் முழுவதும் அங்கேதான். நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் அதற்கு ஓய்வுக் காலமே கிடையாது. அடி சொரசொரப்பானால் வேகம் குறையும். பெட்ரோல் செலவு ஏறும்.

இதற்கென்று செம்பு கலந்த சாயங்கள் உண்டு. முன்பு வழக்கத்திலிருந்த டிரைபியூட்டைல் டின் கலந்த சாயம் சிப்பி, நத்தை இனங்களைப் பாழாக்கியதால், அனைத்துலக உடன்படிக்கை 2008-ஆம் ஆண்டு முதல் அதைத் தடை செய்துவிட்டது. எந்தச் சாயமானாலும் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சுரண்டிய தூளை ஆற்றில் தள்ளாமல் கூட்டி அள்ளுங்கள். அந்த நீரில்தான் நாம் உண்ணும் மீனும் வளர்கிறது.

பங்கோரின் சுங்கை பினாங் பக்கம் போனால் படகு கட்டும் பட்டறைகளைப் பார்க்கலாம். செங்கால் மரத்தால் கட்டிய பெரிய மீன்பிடிப் படகுகள் கரையேறி நிற்கும். அடியைச் சுரண்டி, பலகைகளின் இடைவெளியில் நார் திணித்து அடைத்து, சாயம் பூசுவார்கள். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு என்ற பகைவன் இருப்பதால் அவர்கள் காலம் தவறுவதில்லை. பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர் தம் படகை எப்படிப் பேணுகிறார் என்பதை, பொழுதுபோக்குக்காகப் போகிற நாம் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

எல்லாம் எதற்காக?

ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கும் மலாக்கா நீரிணையில் சுமாத்ரா என்ற சூறைக்காற்று அதிகாலையிலும் காலையிலும் திடீரென்று வீசும். மேற்கே கருத்த மேகம் சுவர்போல் எழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டமும் வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் இருமி நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுக்கிறீர்கள், எழவில்லை. மின்கலம் செத்துக் கிடக்கிறது. படகில் உங்கள் மகன் இருக்கிறான். அவன் அணிய வேண்டிய உயிர்காப்பு அங்கியோ, ஈரத்தோடு சுருட்டி மூலையில் எறிந்ததால் வார் இற்றுக் கிடக்கிறது. அப்போது கழுவாத பத்து நிமிடத்தின் விலை என்ன?

உயிர்காப்பு அங்கிகளை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தித் தொங்கவிடுங்கள். அவற்றை உட்காரும் மெத்தையாக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவிலேயே வாங்குங்கள். கிளம்புமுன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசியை நீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்து எண் 999 என்பதைப் படகில் ஏறும் எல்லாரும் அறிந்திருக்கட்டும்.

கூட்டாகப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். யார் கழுவியது, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றியது என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து இருந்தால் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லையென்றால் நட்பும் நிலைக்கும், படகும் நிலைக்கும்.

அடுத்த முறை லூமுட் போகும்போது, பங்கோருக்கு டிக்கெட் எடுத்த கையோடு ஓடிவிடாமல் கரையில் சற்று நில்லுங்கள். அங்கே நிற்கும் படகுகளின் அடியைப் பாருங்கள். எது பேணப்பட்ட படகு, எது கைவிடப்பட்ட படகு என்று உங்களுக்கே தெரியும். எந்தப் படகில் உங்கள் பிள்ளையை ஏற்றுவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் ஒரு படகு நிற்கிறதென்றால், இன்று மாலையே வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு அதனிடம் போங்கள்.