கிறித்தவ நாவலும் வாசக நெஞ்சமும்

சமயம் சார்ந்த இலக்கியத்தைச் சமயம் கடந்து சுவைத்தல் தமிழ் கற்போர்க்குப் புதியதன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் பிற சமயத்தவரும் மனமுவந்து பயின்று வந்துள்ளனர். காப்பியத்தைப் பொறுத்தவரை இஃது எளிது. காப்பியம் தலைவனின் பெருமையைப் பாடுவது. ஒருவரின் பெருமையைக் கேட்டு மகிழ்வதற்கு அவர் சமயத்தையே தழுவியிருக்க வேண்டியதில்லை. நாவலின் நிலையோ வேறு. குறையுடைய மனிதனை அவன் குறையோடு காட்டுவது நாவல். அவன் எவ்வாறு வாழ வேண்டும் என்று கூறுவது சமயம். இரண்டும் ஒரே நூலில் சந்திக்கும்போது, போதனை வென்று கதை தோற்றுவிடுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

இவ்வையத்திற்கு விடை தேடுவோர்க்கு ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் (1904–1991) வாசிப்பு நல்லதொரு வழிகாட்டி. 1926இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய அவர், பழைய புத்தகக் கடைகளைத் தேடிச் செல்வதில் தீராத விருப்பம் உடையவர். அவருடைய நூற்காதலுக்குச் சமய வேலி இருந்ததில்லை. சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயணின் முதல் நாவலாகிய ‘சுவாமியும் நண்பர்களும்’ 1935இல் இலண்டனில் அச்சேறியதற்குக் கிரீனின் பரிந்துரையே காரணம். ஆகவே, அவர் கிறித்தவ நாவல்களை விரும்பியதைச் சமயப் பற்று ஒன்றினால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அவர் பெரிதும் போற்றியவர் பிரெஞ்சு நாவலாசிரியர் பிரான்சுவா மோரியாக் (1885–1970). 1952இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். பதிப்பகம் ஒன்றில் பொறுப்பேற்றிருந்த காலத்தில், மோரியாக்கின் நாவல்கள் ஆங்கில வாசகரைச் சென்றடையக் கிரீன் பாடுபட்டார். 1945இல் அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். சமய உணர்வு மறைந்தபோது, மனிதச் செயலுக்கு விளைவு உண்டு என்னும் உணர்வும் ஆங்கில நாவலிலிருந்து மறைந்தது. கதைமாந்தர் கனமிழந்து போயினர் என்பது அக்கட்டுரையின் கருத்து. அஃதாவது, கிறித்தவ நாவலில் கிரீன் தேடியது உபதேசத்தையன்று. மனிதனின் ஒவ்வொரு செயலுக்கும் உரிய கனத்தையே தேடினார்.

மோரியாக்கின் ‘தெரேஸ் தெஸ்கேரு’ (1927) அக்கனத்திற்குச் சான்று. கணவனுக்கு நஞ்சூட்டிய பெண்ணொருத்தி வழக்கிலிருந்து விடுபட்டு வீடு திரும்பும் பயணத்தில் கதை தொடங்குகிறது. ஏன் அவ்வாறு செய்தாள் என்பது அவளுக்கே தெளிவாக விளங்கவில்லை. ஆசிரியர் அவளைத் தண்டிக்கவும் இல்லை. திருத்தி நல்லவளாக்கி முடிக்கவும் இல்லை. ஆயினும், அவளுடைய கதையைத் தொடர்ந்து அவர் எழுதிய பிறிதொரு நாவலைக் குறித்து 1939இல் சார்த்தர் கடுமையாகச் சாடினார். படைப்பவரே கடவுளைப்போல் அனைத்தும் அறிந்து தீர்ப்பளித்தால் கதைமாந்தரின் சுதந்திரம் அழிந்துபோகும் என்பது அவர் குற்றச்சாட்டு. சமய நாவல் எழுதுவோர் யாவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இது.

கிரீனுக்கு வந்த எதிர்ப்போ மறுதிசையிலிருந்து வந்தது. 1938இல் அவர் மெக்சிகோவில் பயணம் செய்தார். அந்நாட்டின் தபாஸ்கோ மாநிலத்தில் பாதிரிமார் கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தனர். அவ்வொடுக்குமுறையைப் பின்னணியாகக் கொண்டு ‘வல்லமையும் மகிமையும்’ என்னும் நாவலை 1940இல் வெளியிட்டார். அதன் தலைவன் குடிகாரப் பாதிரி. ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். அவனைத் துரத்தும் காவல் அதிகாரியோ ஒழுக்கமுடையவன். ஏழைகளின்பால் உண்மையான இரக்கம் கொண்டவன். கடவுள் இல்லை என்று உறுதியாய் நம்புகிறவன். ஒருமுறை, கைதி யாரென்று அறியாமலே அவனை விடுவித்து, கையில் ஒரு நாணயத்தையும் கொடுத்தனுப்புகிறான் அவ்வதிகாரி. நல்லவன் நீ என்று அவனிடம் வியந்து கூறுகிறான் பாதிரி. இறுதியில், பொறி என்று அறிந்தும், சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு குற்றவாளிக்காகத் திரும்பி வந்து பிடிபடுகிறான் அப்பாதிரி.

இந்நாவல் உரோமாபுரியின் திருச்சபை அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1954இல் இலண்டனிலுள்ள கர்தினால் வாயிலாகக் கண்டனம் கிரீனை எட்டியது. திருத்தம் செய்யுமாறும் கோரப்பட்டது. அவர் திருத்தவில்லை. 1965இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கிரீனைச் சந்தித்தபோது, அந்நாவலைத் தாம் படித்திருப்பதாகக் கூறி, இத்தகைய கண்டனங்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தேற்றினார். கிறித்தவ நாவலாசிரியன் இரு மன்றங்களின் முன் நிற்பவன் என்பது இதனால் புலனாகும். நம்பிக்கை மிகுந்துவிட்டது என்பார் ஒரு சாரார். குறைந்துவிட்டது என்பார் மறு சாரார்.

ஆசிய மண்ணிலும் இதே போராட்டம் நிகழ்ந்தது. சப்பானிய நாவலாசிரியர் சுசாகு எண்டோ (1923–1996), 1950இல் பிரான்சு சென்று கத்தோலிக்க இலக்கியம் பயின்றவர். மோரியாக்கை ஆழ்ந்து கற்றவர். அவருடைய ‘மௌனம்’ (1966) 17ஆம் நூற்றாண்டுச் சப்பானைக் களமாகக் கொண்டது. கிறித்தவர் கொடுமைப்படுத்தப்பட்ட காலம் அது. குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஏழைகளை மீட்கும்பொருட்டுப் போர்த்துகீசியப் பாதிரி ஒருவர் கிறித்துவின் உருவத்தைக் காலால் மிதிக்கிறார். அது துரோகமா, அன்பின் உச்சமா என்று ஆசிரியர் தீர்த்துச் சொல்லவில்லை. அவரைக் காட்டிக் கொடுத்த கிச்சிசிரோவும் மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்டு வந்து நிற்கிறான். கோழைகளுக்கு இறைவன் உண்டா என்பதே அவன் கேள்வி. கிறித்தவர் அல்லாத வாசகரின் உள்ளத்தையும் அக்கேள்வி தைக்கிறது. ஏனெனில், கோழைத்தனம் எச்சமயத்தவர்க்கும் பொதுவானது.

இம்மூவரையும் ஒருசேரப் படிக்கும்போது, சமய நாவலை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று கிடைக்கின்றது. நம்பிக்கையாளனை ஆசிரியர் எவ்வளவு உயர்த்தினார் என்பது அவ்வளவுகோல் அன்று. நம்பாதவனுக்கும் வீழ்ந்தவனுக்கும் எவ்வளவு நியாயம் வழங்கினார் என்பதே அளவுகோல். காவல் அதிகாரியைக் கொடியவனாக மட்டும் படைத்திருந்தால், பாதிரியின் இறப்பு வெறும் பிரசாரமாய் முடிந்திருக்கும். எதிரியும் நல்லவனாய் இருப்பதனாலேயே நம்பிக்கை உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. வாசகனும் அச்சோதனையில் பங்கு கொள்கிறான்.

இவ்வளவுகோல் கிறித்தவ நாவலுக்கு மட்டும் உரியதன்று. சீர்திருத்த நாவலாயினும், தொழிலாளர் உரிமை பேசும் தோட்டப்புற நாவலாயினும், கொள்கை ஒன்றை முன்வைக்கும் படைப்பு எதுவாயினும், இதனைக் கொண்டு அளக்கலாம். “ஆசிரியரின் கருத்தை ஏற்காத மாந்தன் இந்நூலில் யார்? அவனுக்கு ஆசிரியர் ஓர் இதயத்தைக் கொடுத்திருக்கிறாரா?” என்னும் வினாவை வகுப்பில் எழுப்பினால் போதும், மாணவர் கதைச் சுருக்கத்தை ஒப்புவிப்பதை விடுத்து, நூலுக்குள் புகுந்து விடை தேடத் தொடங்குவர். அத்தேடலில் அவர்கள் கண்டெடுப்பது தங்கள் சமயத்தைச் சாராத ஒரு நூலாய் இருக்கலாம். ஆனால், அதில் துடிக்கும் நெஞ்சம் அவர்களுக்கு அந்நியமாய் இராது.